நீலகிரித் தைலம்: பெயரும் வரலாறும்

நீலகிரித் தைலம் நம் முன்னோர் தொன்றுதொட்டுக் கையாண்ட மருந்து என்று மாணவர்கள் தம் கட்டுரைகளில் எழுதக் காண்கிறோம். மேடைப் பேச்சாளர்களும் அவ்வாறே முழங்குகின்றனர். மலையின் பெயர் தொன்மையானதே. தைலமோ இம்மண்ணில் இருநூறாண்டு வயதைக்கூட எட்டவில்லை.

பெயரை முதலில் பார்ப்போம். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன், தோடர்களை அஞ்சச் செய்து நீலமலையைக் கைக்கொண்டதாக, சாமராஜநகர்ப் பகுதியில் கிடைத்த 1117 ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தைலமர இலைகளிலிருந்து எழும் நீல மூட்டமே மலைக்குப் பெயர் தந்தது என்போர் இக்கல்வெட்டைக் கருதிப் பார்ப்பது நலம். அம்மரம் உதகைப் பகுதிக்கு வந்ததே 1843 இல்தான்.

ஆஸ்திரேலியாவும் அதன் தெற்கேயுள்ள டாஸ்மேனியத் தீவும் அதன் தாயகம். அங்குள்ள பழங்குடியினர் அதன் இலைகளை நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். 1788 இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயருடன் சென்ற மருத்துவர்கள் இலையெண்ணெயை வடித்து இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பினர். 1852 முதல் ஜோசப் பொசிஸ்டோ என்னும் மருந்தாளர் மெல்பர்ன் அருகே அதனைத் தொழிலாகவே நடத்தினார்.

இங்கோ கதை வேறு. மரத்தைக் கொணர்ந்த கேப்டன் காட்டன் என்னும் படைப் பொறியாளரும், 1856 முதல் தோப்புகளாக வளர்த்தவர்களும் தைலத்தை எண்ணி நட்டவரல்லர், விறகே நோக்கம். புதிதாய் எழுந்த உதகை நகரின் அடுப்புகளுக்காகச் சோலைக்காடுகள் வெட்டுண்டு அருகின. விரைந்து வளரும் மரமொன்று வேண்டியிருந்தது. தோடரின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளும் அதற்கு இரையாயின. தைலம் அவ்விறகுத் தோப்புகளின் உபரி வருவாய்.

'தைலம்' என்ற சொல்லும் இங்கே பொருந்தா இடத்தில் அமர்ந்ததே. திலம் என்பது எள். எண்ணெய், தைலம் இரண்டும் பிறப்பால் எள்ளின் நெய்யையே குறிப்பன. நீலகிரித் தைலத்தில் எள்ளுமில்லை, நெய்ப்பசையுமில்லை. தாளில் ஒரு சொட்டு விட்டால் சற்று நேரத்தில் ஆவியாகிவிடும். நம் மரபுத் தைலங்கள் மூலிகைகளை எண்ணெயிலிட்டுக் காய்ச்சியவை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீர் பயன்படுகிறது. அதுவும் ஊறவைக்கும் முறையே. (வாலையிலிட்டு வடித்தலைச் சித்த மருத்துவர் அறியாதவரல்லர். ஓமத் தீநீர் அவ்வழி வந்ததே.)

மலைச்சரிவுக் கொட்டகைகளில் இலைகளை அள்ளிவந்து செப்புக் கலத்தில் திணித்து, நீரூற்றி மூடித் தீயிடுவர். ஆவி குழாய்வழிச் சென்று குளிர்ந்திறங்க, நீரின்மேல் எண்ணெய் மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஓரிரு கிலோ கிடைத்தால் உண்டு.

சளிக்குக் கைக்குட்டையில் ஓரிரு சொட்டு, வலித்த மூட்டுக்குத் தேங்காயெண்ணெயில் கலந்து சிறிது, தரை துடைக்கும் நீரில் சிறிது என்று இன்று அது வீடெங்கும் புழங்குகிறது. அப்பயன்களை நாம் மறுக்கவில்லை. பொய்யான பழமை விளைக்கும் மயக்கமே நமக்குக் கவலை தருகிறது. 'பாட்டி காலத்து மருந்து, தீங்கு செய்யாது' என்ற துணிவில் சர்க்கரையில் சொட்டிக் குழந்தைகளுக்கு ஊட்டுவோர் உண்டு. சிறிதளவு உள்ளே சென்றாலும் அது குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது.