சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: நம்ம ஊர் டர்போ காரின் கதை

காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில், இட்லி. இந்த மூன்றையும் தாண்டி நம் மாவட்டத்துக்கு இன்னொரு பெருமை இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை வருமே, அந்த ஊர்தான். ஹூண்டாய் தொழிற்சாலையும் அங்கேதான், கார் பந்தயத் தடமும் அங்கேதான். சின்னக் காரை வேகமான காராக மாற்றும் பைத்தியத்துக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். காமர்ஸ் படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள், கடைசியில் கணக்கும் வருகிறது :-)

கதை சோழவரத்தில் ஆரம்பிக்கிறது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. போர் முடிந்தபின் சும்மா கிடந்த அந்தத் தளத்தில் 1950-களில் பந்தயங்கள் தொடங்கின. 1960-களில்கூட நம் நாட்டில் கிடைத்த கார்கள் எத்தனை? அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அவ்வளவுதான். இறக்குமதிக்கு லைசென்ஸ், வரி என்று ஆயிரம் தடை. வேகமான கார் வேண்டுமென்றால் வாங்க முடியாது, இருப்பதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். எனவே ஆட்கள் ஷெட்டில் உட்கார்ந்து சிலிண்டர் ஹெட்டை இழைத்தார்கள், கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினார்கள், சைலன்சரைக் கழற்றி வேறு குழாய் வைத்தார்கள். பற்றாக்குறைதான் அவர்களுக்கு வாத்தியார்.

வெளியுலகில் அப்போது வேறு கதை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஷி 1905-லேயே டர்போவுக்கான காப்புரிமை பெற்றுவிட்டார். விஷயம் எளிமையானது. எஞ்சின் வெளியே தள்ளும் புகைக்கு வேகமும் சூடும் இருக்கிறது. அதை வீணாக்காமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்ற வைத்தால், அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிகச் சக்தி. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்! 1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், 1973-ல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ என்று இது சாலைக் கார்களுக்கு வந்தது. 1976-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. விற்பனைக்கு வந்து, வீட்டுக்கு உதவும் சின்னக் காரும் சீறிப் பாயலாம் என்று காட்டியது. அதில் டர்போ கிடையாது. இரண்டையும் சேர்த்தது பிறகு வந்தவர்கள்.

நம்மிடம் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இங்கே ஒரு சுவையான தகவல். 1986-ல் புது உடலோடு வந்த நம் மாருதி 800-ம், ஜப்பானில் 1987-ல் வந்த சுசுகி ஆல்டோ வொர்க்ஸும் ஒரே தலைமுறை ஆல்டோவின் பிள்ளைகள். நம் பிள்ளைக்கு 796 சி.சி., சுமார் 40 குதிரைத்திறன். ஜப்பான் பிள்ளைக்கு 543 சி.சி.தான், ஆனால் டர்போ வைத்து 64. ஒரே வீட்டில் பிறந்து, ஒருவன் ஆபீசுக்குப் போனான், இன்னொருவன் குஸ்திக்குப் போனான்!

ஆனால் நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். 1988-ல் ஃபார்முலா மாருதி பிறந்தது. கைக்கு எட்டும் விலையில் உள்ளூர் எஞ்சின், எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். அந்தத் தடத்தில் ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

இந்தியாவில் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் கைக்குக் கிடைத்தது ரொம்பத் தாமதமாக. 2013-ல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன். 2015-ல் 145 குதிரைத்திறனோடு அபார்த் புன்ட்டோ. 2017-ல் பலேனோ ஆர்.எஸ். 2021-ல் ஐ20 என் லைன், 120 குதிரைத்திறன், இது நம் இருங்காட்டுக்கோட்டைத் தயாரிப்பு.

இதில் எனக்குப் பிடித்தது 2018-ல் வந்த டியாகோ ஜே.டி.பி. பந்தய வீரர் ஜே. ஆனந்தின் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து செய்தது. சாதாரண டியாகோ பெட்ரோலுக்கு 85 குதிரைத்திறன், இதற்கு டர்போவோடு 114. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு அவர்கள் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சஸ்பென்ஷனை மாற்றி 4 மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள், அகலமான டயர் போட்டார்கள், கியர் விகிதத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது அந்தக் கார் தொடரவில்லை. இங்கேதான் நம் காமர்ஸ். புது விதிக்கு ஏற்ப எஞ்சினைத் திருத்திச் சோதித்துச் சான்று வாங்குவது நிலைச் செலவு. லட்சம் கார் விற்பவனுக்கு அது ஒரு காருக்குச் சில்லறை, சில நூறு விற்பவனுக்குத் தலைச்சுமை.

சரி, கம்பெனி செய்யாவிட்டால் நாமே வீட்டில் செய்யலாமே? என் நண்பன் ஒருவன் பழைய போலோ ஜி.டி. வாங்கி, ரீமேப் செய்யப் பணம் சேர்க்கிறான். ரீமேப் என்றால் என்ன? நம் ஊர்க்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் புரியும். ஜக்கார்டு பெட்டியில் அட்டையை மாற்றினால் புடவையில் வேறு டிசைன் விழும், தறி அதே தறிதான். கார் கணினியில் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி, டர்போ எவ்வளவு அழுத்தம் என்ற அட்டவணையை மாற்றுவதுதான் ரீமேப். ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் சக்தி கூடும். சோழவரத்து ஆட்கள் வாரக்கணக்கில் செய்ததை லேப்டாப் ஒரு மணி நேரத்தில் செய்துவிடும்.

ஆபத்தும் அங்கேதான். ஹெட்டை இழைத்தவனுக்கு உலோகம் எவ்வளவு தாங்கும் என்று கை சொல்லும். லேப்டாப் அப்படிச் சொல்லாது. அழுத்தம் கூடினால் சூடு கூடும். பெட்ரோலின் ஆக்டேன் போதாவிட்டால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் உடையும். பிரேக்கும் டயரும் பழைய வேகத்துக்கு அளவெடுத்தவை. வாரண்டி போகும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் கிளெய்ம் மறுக்கப்படலாம்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சி.என்.ஜி. கிட் போன்ற சிலவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதியோடு வழி உண்டு.

அப்படியானால் இந்த ஆசையே தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோண்டிப் பார்த்தவர்களால்தான் ஃபார்முலா மாருதி வந்தது, டியாகோ ஜே.டி.பி. வந்தது. ஆனால் அவர்கள் ஓட்டிக் காட்டியது பந்தயத் தடத்தில். குழந்தைகளும் மாடுகளும் குறுக்கே வருகிற காந்தி ரோட்டில் இல்லை. நண்பனுக்கு நான் சொன்னது இதுதான்: முதல் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடு, பாக்கியை வைத்துத் தடத்தில் ஓட்டக் கற்றுக்கொள். ரீமேப் போட்டால் அந்தக் காரை ரோட்டுக்குக் கொண்டு வராதே. இருங்காட்டுக்கோட்டை நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். நல்ல முடிவாக எடுப்பான் என்று நம்புகிறேன்.