பன்னாடை

நன்னூலின் மாணாக்கர் இலக்கணத்தை ஆரணி வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கடைசி உவமைக்குச் சிரிப்பு எழும். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி, அதாவது பன்னாடை, கடைமாணாக்கனுக்கு உவமை. பட்டுத்தறித் தெருக்களில் இன்றும் அது வசவுதான். பெண்பிள்ளைகள்மேல் தாராளமாக விழுகிற வசவு.

கள் வடிக்கிறவளிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். கசடைப் பிடிப்பதுதானே வடிகட்டியின் வேலை?

பெரும்பாணாற்றுப்படை நம் தொண்டை நாட்டைப் பாடும் நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் வலைஞர் குடியின் அரிசிக் கள்ளைச் செய்முறையோடு சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றி, நெல்முளை அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். (முளை அடை, பீர் காய்ச்சுகிறவர்களின் மால்ட்டுக்கு உறவுதான்.) அரித்து எடுத்ததால் அது அரியல், பிழிந்ததால் பிழி. பெயரே வடிகட்டும் கையிலிருந்து வந்திருக்கிறது.

யாருடைய கை? அந்த இடத்தில் பாட்டு சொல்லவில்லை. பின்னால் கடற்கரைப் பட்டினம் வரும்போதுதான் கள் சமைக்கும் மகளிர் வருகிறார்கள். அவர்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது, அதில் பன்றிகள் புரள்கின்றன. கசடு என்று வந்ததும் பெண் தெரிந்துவிடுகிறாள்!

இந்த முறை தென்னம்பன்னாடை ஒன்றை வகுப்புக்கு எடுத்துப்போனேன். நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“ஊடும் பாவுமா இருக்கு மேடம்” என்றாள்.