யாழ்ப்பாணத்து மாணவர் வாதம் பயின்ற கதை

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரியைத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே யாழ்ப்பாணத்தில் வாதம் ஒரு கல்வியாக இருந்தது. சைவ சித்தாந்தம் பயில்வோர் 13ஆம் நூற்றாண்டு நூலான சிவஞான சித்தியாரைப் பாடம் கேட்டனர். அதன் பரபக்கம் உலகாயதர், பௌத்தர் முதலாகப் பதினான்கு மதத்தாரின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, பிறகே ஒவ்வொன்றையும் மறுக்கிறது. எதிரியின் கட்சியைச் செம்மையாகச் சொல்லத் தெரியாதவன் மறுப்புக்கு வரக்கூடாது என்பது அந்த நூலமைப்பிலேயே அடங்கிய பாடம்.

வாதத்தின் உறுப்புகளும் தமிழில் வகுக்கப்பட்டிருந்தன. மலையில் நெருப்பு உண்டு என்பது மேற்கோள், புகை தெரிவது ஏது, அடுக்களை எடுத்துக்காட்டு. அதை மலையோடு பொருத்துவது உபநயம். முடிவை நிலைநாட்டுவது நிகமனம். மணிமேகலை இந்த ஐந்தையும் விரித்துரைக்கிறது. கோயில்களில் நடந்த கந்தபுராணப் படிப்பும் ஒரு பயிற்சிக்களமாக இருந்தது. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். சபையிலிருக்கும் கற்றவர்கள் சொன்ன பொருளில் பிழை கண்டால் அங்கேயே தடுத்துக் கேட்பதும் உண்டு.

செமினரி இதனோடு வேறொரு பழக்கத்தைச் சேர்த்தது. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் ஆகியவற்றுடன் தருக்கமும் அங்கே பாடமாக இருந்தது. முதல் அதிபர் டானியல் பூவர் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பைப் பழித்துப் பேசுவதோடு நிற்கவில்லை. கணிப்பு முறையையே ஆராய்ந்தார். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்துக்கு விசுவநாத சாஸ்திரியார் குறித்த நேரத்தில் பிழை உண்டென்று முன்கூட்டியே சொன்னார். வழக்கைத் தீர்த்தது வானம். பூவரின் கணக்கே சரியென்று ஆயிற்று. பின்னர் செமினரியைச் சேர்ந்த ஹொய்சிங்டன் 1848இல் இந்து வானியலை விளக்கும் நூலொன்றை அச்சிட்டார். மறுக்க நினைத்ததையே பாடநூலாக்கிப் படிப்பித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. செமினரியில் கற்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, மேலைத் தருக்கத்தைத் தமிழில் தரும் ‘நியாய இலக்கண’த்தை எழுதினார்.

இந்த இரு மரபுகளும் ஒரே மனிதரிடம் சந்தித்தது ஆறுமுக நாவலரிடம்தான் (1822–1879). அவர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவினார். பல ஆண்டுகள் வேதாகமத்தை வரிவரியாகத் தமிழாக்கிய அனுபவம் பின்பு அவருக்குக் கருவியாயிற்று. 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் வெளியான ‘சைவ தூஷண பரிகாரம்’ மிஷனரிமாரின் குற்றச்சாட்டுகளுக்கு விடையாக எழுதப்பட்டது. தூபம், தீபம், நைவேத்தியம், ஆலயச் சடங்கு ஆகியவை மூடநம்பிக்கை என்றவர்களுக்கு, பழைய ஏற்பாட்டிலிருந்தே அதிகாரமும் வசனமும் காட்டி, அவர்கள் வேதத்திலும் இவை கட்டளையாக உள்ளன என்று காட்டினார். தன் ஆகமத்தை ஏற்காத எதிரியிடம் ஆகமத்தை மேற்கோள் காட்டிப் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். வாதம் கற்பிக்கும் எவரும் மாணவருக்கு முதலில் காட்டவேண்டிய எடுத்துக்காட்டு இதுவே. அவருடைய சில கண்டனங்களில் உள்ள காரம் வேறு கதை; அதைப் பின்பற்றியவர்கள் பலர், முறையைப் பின்பற்றியவர்கள் சிலர்.

அச்சகங்கள் இந்தச் சண்டையைச் சந்திக்குக் கொண்டுவந்தன. 1841இல் தொடங்கிய உதயதாரகையிலும், 1889இல் சைவ பரிபாலன சபை தொடங்கிய இந்து சாதனத்திலும் மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் வெளிவந்தன. படித்த இளைஞருக்கு அவை இன்னொரு வகுப்பறை போலவே பயன்பட்டன.

செமினரி 1855இல் மூடப்பட்டது. 1872இல் அதன் வழியில் யாழ்ப்பாணக் கல்லூரியும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் எழுந்தன. ஆங்கிலப் பாடசாலைகளின் மாணவர் சங்கங்களில் தலைவர், தீர்மானம், முன்மொழிவோர், எதிர்ப்போர், வாக்கெடுப்பு என்று பாராளுமன்ற ஒழுங்கில் விவாதம் நடந்தது. அந்தப் பழக்கம் பாடசாலை வேலியைத் தாண்டியது 1924இல். ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் அமைத்த மாணவர் காங்கிரஸ் தாய்மொழிக் கல்வி, சாதியொழிப்பு, சுயராச்சியம் ஆகியவற்றைத் தீர்மானங்களாக முன்வைத்து வாதித்தது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அவர்கள் செய்த பிரசாரத்தின் விளைவாகக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அந்த முடிவு சரியா பிழையா என்று இன்றும் வாதிக்கலாம். மேடைப்பேச்சு ஊரை அசைத்தது என்பதில் ஐயமில்லை.

தாய்மொழி போதனா மொழியான பின் தமிழ் விவாதம் ஆங்கிலத்தின் இடத்தைப் பிடித்தது. தமிழகத்தில் காரைக்குடிக் கம்பன் கழகமும் குன்றக்குடி அடிகளாரும் வளர்த்த பட்டிமண்டபம், 1980இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய கம்பன் கழகத்தின் மூலம் இங்கே வேரூன்றியது. வழக்காடு மன்றம், சுழலும் சொற்போர் என்பனவும் கூடவே வந்தன. அவற்றால் இளைஞருக்கு மொழிவளமும் சபைக்கூச்சமின்மையும் கிடைத்தன. குறையும் உண்டு: கைதட்டலுக்குப் பேசத் தொடங்கினால் ஏது மெலிந்து எடுத்துக்காட்டு பெருக்கிறது.

இன்று தமிழ்மொழித் தினப் போட்டிகளில் விவாதமும் ஒரு நிகழ்ச்சி. பாடசாலையில் வென்ற அணி வலயம், மாகாணம், தேசியம் என்று மேலே செல்கிறது. ஆசிரியர் எழுதித் தந்த உரையைப் பாடமாக்கும் அணி, எதிரணி எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டதும் திகைத்து நிற்பதைப் பார்க்கலாம். இரு கட்சிக்கும் குறிப்பெழுதி, பக்கம் மாறிப் பேசிப் பழகிய அணிக்கு அந்தத் திகைப்பு வருவதில்லை. விவாதத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் முதற் கிழமையில் மாணவர் கையில் எதிரணியின் கட்சியைக் கொடுப்பது நல்லது.