பெயர் வெட்டிய தூக்குச்சட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து பித்தளைத் தூக்குச்சட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தை ஒட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். முதலில் நான்கு முன்னெழுத்துகள், அப்புறம் ஒரு பெண்ணின் பெயர். அப்பா, தாத்தா, அவருக்கும் முந்தையவர் என்று பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைப்பதைச் செட்டிநாட்டில் விலாசம் என்பார்கள். அப்படியென்றால் இது யாரோ ஓர் ஆச்சிக்குக் கல்யாணச் சீராக வந்த சட்டி.

"இது யாரு வீட்டுதுண்ணே?"

"வீடே இல்லையே தம்பி. அப்புறம் யாரு வீடுன்னு என்னத்தச் சொல்ல?"

அவர் சொன்னதில் வருத்தமும் இல்லை, கிண்டலும் இல்லை. சரக்கு விவரம் சொல்கிற குரல்தான். சுற்றிலும் தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், இனாமல் அடுக்குச்சட்டிகள், ஊஞ்சல் சங்கிலிகள், கண்ணாடி போட்ட சாமி படங்கள். புதிதாகச் செய்த பொருள் அங்கே குறைவு. மறுபயன்பாடு, சுழற்சிப் பொருளாதாரம் என்றெல்லாம் இன்றைய பெரிய சில்லறை நிறுவனங்கள் அறிக்கைகளில் எழுதுவதை இந்தத் தெரு பல வருடங்களாகச் சத்தமில்லாமல் செய்கிறது என்ற நினைப்போடுதான் போயிருந்தேன். அந்தப் பதில் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது.

இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பர்மா வரைக்கும் போகவேண்டும். 1852இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கிடைத்தது. காட்டைத் திருத்தி வயலாக்கிய பர்மிய விவசாயிகளுக்குக் கடன் தேவைப்பட்டது. கொடுத்தவர்கள் நகரத்தார்கள். அந்த வட்டிதான் தேக்காகவும், இத்தாலியப் பளிங்காகவும், பெல்ஜியம் கண்ணாடியாகவும் இந்த வறண்ட சீமையில் வந்து இறங்கியது. இன்றைக்கும் நிற்கும் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரைக்குள் எழுந்தவை.

1930இன் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. 1930களின் இறுதியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. அந்த மண்ணில் கோபம் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. வீடுகளைத் தாங்கிய வருமானம் போனது. வீடுகள் மட்டும் மிச்சம்.

வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று கட்டிய வீடு அது. மூன்று தலைமுறை கழித்து அதற்குப் பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேல் பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற ஆளுக்கு ஒரு தொகை போடுங்கள் என்றால் பேச்சு நீளும். தூணைப் பிரிக்கலாம், நிலையைப் பிரிக்கலாம், விற்ற காசைக் கணக்குப் பார்த்துப் பிரிக்கலாம். நிற்கிற வீட்டைப் பிரிக்க முடியாது. அதனால்தான் பல வீடுகளில் எல்லாரும் ஒத்துப்போன கடைசிக் காரியம் இடிப்பதாகவே இருந்தது.

முனீஸ்வரன் கோவில் தெரு அந்த இடத்தில் தொடங்குகிறது. அங்கே வாங்குகிற தேக்குத் தூணுக்காக இன்று ஒரு மரமும் வெட்டப்படுவதில்லை, இது உண்மை. மியான்மரே 2014 ஏப்ரல் முதல் உருளைக் கட்டைகளாக மரம் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. பழைய மரத்துக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு வீட்டிலிருந்து கடைக்கு வருவது அதன் விலைபோகும் பாகங்கள் மட்டும். செங்கலும், சுண்ணாம்புச் சாந்தில் இழைத்து இழைத்துப் பூசிய சுவரும், மின்விசிறி வருவதற்கு முன்பே வெயிலைச் சமாளித்த முற்றமும் கப்பியாகி லாரியில் போகின்றன. அந்த இடத்தில் சிமென்டும் கம்பியும் ஏசியும் வருகின்றன. இந்தக் கணக்கைக் கூட்டினால் தூணில் மிச்சம் பிடித்த கார்பன் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதே 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் கூரை ஒழுகுவதை அடைக்காது.

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் இல்லையென்றால் அந்தத் தூண் விறகாகியிருக்கும். எனக்கு உறுத்துவது அந்தச் சட்டியின் கழுத்தில் இருந்த பெயர்தான்.

பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. சட்டியை வாங்கி, எடை போட்டு, பெயர் வெட்டிக்கொண்டு வருவார்கள். பெயர் வெட்டிய பாத்திரம் ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு இரவல் போனாலும் வீடு திரும்பும். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அதனால் ஈயம் பூசுகிறவர் வீடு தேடி வருவார். அடி தேய்ந்து ஓட்டை விழுந்தால் அதே கடை பழசை எடைக்கு எடுத்துக்கொண்டு, கழிவு போக மீதியைப் புதுசின் விலையில் கழிக்கும். பழைய உலோகம் உருக்கப்பட்டு மறுபடி சட்டியாகும். அந்த வியாபாரத்தில் விற்பனை ஒரு நடுப்புள்ளி மாதிரி. அதற்குப் பிறகும் பாத்திரத்தோடு கடைக்கு உறவு இருந்தது. இதற்குச் சூழல் அக்கறை காரணமில்லை, உலோகம் விலை அதிகம். ஆனால் பலன் ஒன்றுதான்.

இன்றைய கடை பில் போட்டதோடு கைகழுவிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் துணிப்பையைக் கொடுத்துவிட்டால் கடை பசுமையாகிவிடாது. ஒரு பருத்திப்பையை 50 முதல் 150 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் அது ஒரு பிளாஸ்டிக் பையை வெல்லும் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020 அறிக்கை. என் வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாத துணிப்பைகள் ஒரு கட்டு இருக்கின்றன. ஒன்றில்கூட என் பெயர் இல்லை, எல்லாவற்றிலும் கடையின் பெயர்தான்.

ஒரு கடை எதை விற்கிறது என்பதோடு, விற்றதற்கு எதுவரை பொறுப்பேற்கிறது என்பதையும் கேட்கவேண்டும். திரும்ப எடுத்துக்கொள்ளுமா? பழுது பார்க்குமா? உதிரிப்பாகம் வைத்திருக்குமா? முனீஸ்வரன் கோவில் தெருவுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. இடிந்த வீட்டின் கொண்டியும் ஓடும் ஜன்னல் கதவும் சென்னை காபிக் கடைச் சுவரில் அலங்காரமாகத் தொங்குவதைவிட, பக்கத்து ஊரில் இன்னும் நிற்கிற வீட்டில் பொருந்தினால் அந்த வீடு இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். தங்கும் விடுதிகளாக மாறிப் பிழைத்த வீடுகளுக்கும் அந்த மாதிரிப் பாகங்கள் தேவைப்படுகின்றன.

கடைசியில் சட்டியை வாங்கினேன். "பேரை அழிச்சுத் தரவா தம்பி? பாலிஷ் போட்டா தெரியாது" என்றார்.

வேண்டாம்ண்ணே என்றேன். யாருடையது என்று தெரியாவிட்டாலும், யாருக்கோ உரியதாக இருந்தது என்பதாவது தெரியட்டும்.