காமன் எரியும் களம்

1971ஆம் ஆண்டில் மார்க் போலன் என்னும் ஆங்கிலப் பாடகர் கன்னத்தில் மினுக்குப் பொடி பூசிக்கொண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றினார். 'கிளாம் றொக்' என்னும் பாணி அன்று பிறந்ததாக மேனாட்டார் பலர் எழுதுவர். ஆண்கள் ஒப்பனையும் பளபளக்கும் ஆடையுமாக ஆடியதும், ஆடுகளத்தில் ஒரே பார்வையில் உள்ளம் பறிபோவதைப் பாடியதும் அங்கே பெரும் புதுமையாயின. மாத்தளைத் தோட்டத் தொழிலாளிக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? ஆண்மகன் ரதியாக வேடம் புனைந்து விடிய விடிய ஆடுவதையும், ஒரு மலரம்பு தவயோகியையே நிலைகுலையச் செய்வதையும் அவன் மாசி மாதந்தோறும் கண்டவனல்லவா!

காமன் வழிபாடு தமிழர்க்குப் பழையது. காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைக் கூடலாம் எனத் தேவந்தி கூறியதையும், கண்ணகி அதனை மறுத்ததையும் சிலப்பதிகாரத்தில் படிக்கிறோம். ஆண்டாளும் காமனை நோற்றாள். ஆனால் நம் பாடநூல்கள் ஏட்டுக் காமனோடு நின்றுவிடுகின்றன. கடல் கடந்து காட்டுவழி நடந்து வந்த கூலிமக்களின் நெஞ்சில் வாழ்ந்த காமனை அவை அறியமாட்டா.

அம்மக்கள் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக்காட்டை ஊடறுத்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். கோப்பிக் காலத்தில் வந்தோரிற் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து திரும்பிய ஆடவர்களே. 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கியது; பின்னர் தேயிலை மலைகளைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப் பெண்களின் கைகள் தேவைப்பட்டதால், குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பல நாள்கள் ஊரே கூடி நடத்தவேண்டிய காமன் கூத்து இம்மண்ணில் வேரூன்றியது அந்நிலைபேற்றினாலேயே எனக் கருதுகிறேன்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும் நாளையொட்டிக் கம்பம் நடுவர். ரதி மன்மதன் திருமணத்தில் லயத்து மக்களே சம்பந்திகள். மேடையில்லை, திரையில்லை, பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே மண்ணில் நிற்பர். கரும்புவில் ஏந்திய மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும்போது, போகவேண்டாமென ரதி தடுக்கிறாள். தேவர்களின் ஏவல்; மறுக்க வழியில்லை. எய்கிறான், எரிகிறான். மேலிடத்தார் காரியத்துக்காகச் சென்று உயிர்விடும் ஏவலாளின் கதையிது என்று நான் வகுப்பில் சொன்னபோது, கடைசி வரிசை மாணவன் ஒருவன், "அப்படியென்றால் ரதிதான் கதாநாயகி, சேர்" என்றான். என் விளக்கத்தைவிட அது மேலானது. கூட்டம் கண்ணீர் விடுவது ரதியின் ஒப்பாரிக்குத்தான்.

இதனை மூடநம்பிக்கை என ஒதுக்கிய முற்போக்காளர் உண்டு. மக்கள் கலை என வாயாரப் புகழ்வோரும் உண்டு. இரு சாராரும் தப்படிப்பவரை மறந்துவிடுகின்றனர். தப்பின்றிக் கூத்தில்லை, காமனை இறக்குவதும் எரிப்பதும் அதன் அடிமாற்றங்களே. அத்தப்பையே இழிவின் அடையாளமாக்கி, அடிப்போரைச் சாதியின் பேரால் ஒதுக்கினோம். துரையும் கங்காணியும் செய்த கொடுமைகளை எழுதும் நாம் இதையும் எழுதத்தான் வேண்டும்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. மனமொத்த ஆணும் பெண்ணும் வெவ்வேறு பட்டியல்களில். கூத்தில் எரிந்த காமன் மூன்றாம் நாள் எழுகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது புராணம். தலைமன்னாருக்கு ரயிலேறியவர்களை வழியனுப்பிவிட்டு லயத்துக்குத் திரும்பிய பெண்களுக்கு அவ்வரமும் கிடைக்கவில்லை.

முன்னோர் வந்த அதே வழியே தலைமன்னாரிலிருந்து 2023 ஜூலை 28இல் ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையக மக்களின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து நடந்தவர்கள் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை வந்தடைந்தனர்.