ஈரலில் தொடங்கி ஊசி வரை - ஒரு கொடிய ரத்தசோகையின் வரலாறு

ரத்தசோகை என்றதும் கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரை போடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எந்தக் கீரைக்கும் எந்த இரும்புக்கும் மசியாத ஒரு ரத்தசோகை உண்டு. அதன் பெயர் பெர்னீஷியஸ் அனீமியா. பெர்னீஷியஸ் என்றால் நாசம் விளைவிப்பது, உயிரைக் கொல்வது என்று பொருள். 1926 வரை அந்தப் பெயருக்குக் குறைவில்லாமல்தான் அது நடந்துகொண்டது!

1855-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் டாக்டர் தாமஸ் அடிசன் இந்த நோயை விவரித்து எழுதினார். 1872-ல் அன்டன் பியர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதற்கு இந்தப் பயங்கரப் பெயரைச் சூட்டினார். நோயாளியின் தோல் எலுமிச்சை நிறத்தில் வெளிறும். நாக்கு வழவழப்பாகிப் புண்ணாகும். கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். ஆர்சனிக் கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், மண்ணீரலைக்கூட வெட்டி எடுத்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. பெரும்பாலானவர்கள் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள்.

தப்பான நாய், சரியான ஈரல்

1920களில் அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள் என்ற ஆராய்ச்சியாளர் நாய்களின் உடலிலிருந்து ரத்தத்தை எடுத்து, எந்த உணவு கொடுத்தால் ரத்தம் சீக்கிரம் ஊறுகிறது என்று பார்த்தார். இந்தச் சோதனைகளில் அவருடன் உழைத்தவர் ஃப்ரீடா ராப்ஷைட்-ராபின்ஸ் என்ற பெண்மணி. முதலிடம் பிடித்தது ஈரல்.

இதைப் படித்த பாஸ்டன் மருத்துவர்கள் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும் தங்கள் நோயாளிகளுக்கு ஈரல் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நஞ்சமல்ல, தினமும் 120 முதல் 240 கிராம் வரை! 1926-ல் 45 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விப்பிளின் நாய்களுக்கு இருந்தது வேறு வகை ரத்தசோகை. ரத்தம் போனதால் வந்த இரும்புச்சத்துக் குறைவு அது. நாய்களைத் தேற்றியது ஈரலில் இருந்த இரும்பு. மனிதர்களைத் தேற்றியது ஈரலில் இருந்த வேறொன்று. அது என்னவென்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மருந்து வேலை செய்தது. 1934-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விப்பிள் தன் பரிசுத் தொகையில் ராப்ஷைட்-ராபின்ஸுக்கும் பங்கு கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. மைனாட்டே ஒரு நீரிழிவு நோயாளி. 1921-ல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால் அவர் 1926 வரை இருந்திருப்பாரா என்பதே சந்தேகம். ஓர் ஊசி காப்பாற்றிய மனிதர்தான் இன்னோர் ஊசிக்கு வழி திறந்தார்.

வயிற்றில் தொலைந்த துணை

ஈரல் சாப்பிட்டால் சரியாகிறது, சரி. அப்படியானால் மற்றவர்கள் ஈரல் சாப்பிடாமலே நன்றாக இருக்கிறார்களே, எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் பாஸ்டனின் வில்லியம் காசில். 1920களின் இறுதியில் அவர் செய்த சோதனை கேட்கவே குமட்டும். 300 கிராம் மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வாந்தியெடுத்து, அதைக் குழாய் வழியாக நோயாளிக்குக் கொடுத்தார். வெறும் இறைச்சி தந்தபோது எந்தப் பலனும் இல்லை. நல்ல வயிற்றில் ஊறிய இறைச்சி தந்தபோது புது ரத்த அணுக்கள் பெருகின!

ஆகவே உணவில் ஒரு பொருள், வயிற்றில் ஒரு பொருள், இரண்டும் சேர வேண்டும். வயிற்றில் சுரப்பதை 'உள்காரணி' என்றார்கள். பெர்னீஷியஸ் அனீமியாவில் உடலின் எதிர்ப்பு சக்தியே வயிற்றுச் செல்களைத் தாக்கி இந்தச் சுரப்பை அழித்துவிடுகிறது என்பது பிற்பாடு தெரியவந்தது.

டன்னிலிருந்து மில்லிகிராமுக்கு

தினமும் கால் கிலோ ஈரல் என்பது தண்டனைதான். 1930களில் ஈரல் சாற்றை ஊசியாகப் போடும் முறை வந்தது. பிறகு அந்தச் சாற்றில் இருக்கும் மருந்துப் பொருள் எது என்ற தேடல். 1948-ல் அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தின் குழுவும், இங்கிலாந்தில் கிளாக்சோவின் லெஸ்டர் ஸ்மித்தும் தனித்தனியே அதைப் பிரித்தெடுத்தார்கள். டன் கணக்கில் ஈரலைப் பிழிந்தால் கிடைத்தது அற்ப அளவு சிவப்புப் படிகம். அதுதான் வைட்டமின் பி12. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைத் தரும் நுண்ணுயிரும் இதைத் தயாரிக்கிறது என்று மெர்க் குழு கண்டதும் ஈரலைச் சார்ந்திருக்கும் நிலை மாறியது. 1950களில் இதன் சிக்கலான அமைப்பை எக்ஸ்-கதிர்களால் வரைந்து காட்டிய டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964-ல் நோபல் கிடைத்தது.

குணமா, சமாளிப்பா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஊசி இந்த நோயைக் குணப்படுத்துவதில்லை. அழிந்த வயிற்றுச் செல்கள் திரும்புவதில்லை. வயிறு என்ற அடைபட்ட வழியைச் சுற்றிக்கொண்டு, வைட்டமினைத் தசை வழியாக உள்ளே அனுப்புகிறது, அவ்வளவுதான். முதலில் அடுத்தடுத்து ஊசிகள்; பிறகு மருந்தின் வகையைப் பொறுத்து மாதம் ஒரு முறையோ, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ, பெரும்பாலும் வாழ்நாள் முழுதும்.

ஒரு நாளைக்கு உடலுக்குத் தேவை இரண்டரை மைக்ரோகிராம் அளவுதான். ஈரல் அதை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். அதனால் ஊசியை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. 'நமக்குச் சரியாகிவிட்டது' என்று தோன்றும். கையிருப்பு தீரும்போது நோய் திரும்ப வரும். நரம்பு ரொம்ப நாள் கெட்டிருந்தால் பிறகு எத்தனை ஊசி போட்டாலும் முழுதாக மீளாமல் போகலாம். 1940களில் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோதும் இதுதான் நடந்தது. ரத்தம் தேறியது, நரம்பு கெட்டது.

அதிக அளவு பி12 மாத்திரையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு உள்காரணி இல்லாமலே உடலில் சேரும் என்பதால் இப்போது மாத்திரையும் ஒரு வழியாக இருக்கிறது. எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஊசியோ மாத்திரையோ, அதை நிறுத்தாமல் இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1926-க்கு முன் இறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.