லைம் நோயும் மருத்துவக் காப்பீடும்
லைம் நோய் என்பது உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா நோயாகும். 1975-இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள லைம் பகுதியில் பல குழந்தைகளுக்கு மூட்டு வீக்கம் கண்டது. அதை முதலில் கவனித்துச் சுகாதாரத் துறையிடம் முறையிட்டவர்கள் தாய்மார்களே. ஊரின் பெயரே நோய்க்கும் அமைந்தது.

சில வாரங்கள் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். சிலருக்கு மட்டும் களைப்பும் வலியும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அவர்களுக்கு நீண்டகால மருந்து தேவை என்றனர் சில மருத்துவர்கள். அதற்குச் சான்றில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன.

இதனால் 1999-இல் கனெடிகட் ஒரு சட்டம் இயற்றியது. 30 நாள் ஊசிவழி மருந்துக்கும் 60 நாள் வாய்வழி மருந்துக்கும் காப்பீடு பணம் தர வேண்டும்; அதற்கு மேல் வேண்டுமெனில் மூட்டு, தொற்று அல்லது நரம்பு நோய் வல்லுநரின் பரிந்துரை தேவை.

2001-இல் வெளியான ஓர் ஆய்வு, இதே 30, 60 நாள் அளவில் மருந்து கொடுத்துச் சோதித்தது. போலி மருந்து பெற்றவர்களைவிட இவர்கள் கூடுதல் நலம் பெறவில்லை. அமெரிக்கத் தொற்றுநோய்க் கழகத்தின் 2006 வழிகாட்டுதலும் நீண்டகால மருந்தைப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் 2016-இல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பையும் மீறி, நீண்டகால மருந்துக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

மருந்துக்கான பணத்தைச் சட்டம் பெற்றுத் தரலாம். அம்மருந்து நோயைத் தீர்க்குமா என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். நீடிக்கும் வலி உண்மையானது. அதற்குரிய உறுதியான மருந்துதான் இன்னும் கிட்டவில்லை.